மூன்றாம் குமிழ், நான்காம் குமிழ்

ஆணில் ஒருவர், பெண்ணில் ஒருவர்,
நாட்டுப்புறப் பாட்டில் உனக்கு யாரைப் பிடிக்கும் என்று
மன்னார்குடி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் கேட்கிறார்கள்,
ஓட்டுச் சீட்டை நீட்டுவது மாதிரி.

பதினாறு வருஷமாய் மைக்செட் போடுகிறேன்.
மேடைக்கு முதுகுப் பக்கம், ஜெனரேட்டர் புகையில்,
கொசுவர்த்திக்கும் மிக்சருக்கும் நடுவில் என் இடம்.
பாடகர்களை எனக்குக் குமிழாகத்தான் தெரியும்.

மூன்றாம் குமிழ் கொரடாச்சேரி பக்கிரிசாமி.
மைக்கைக் கடித்துத் தின்கிற ஆள்.
அவர் 'ப' சொன்னால் பனைமரத்துக் குழாய் தும்மும்.
பாதியில் நிறுத்தாவிட்டால் ஸ்பீக்கர் கிழியும்.

நான்காவது, தலைஞாயிறு செங்கமலம்.
ஒரு முழம் தள்ளித்தான் பிடிப்பார்.
"எனக்கு ஏத்தாத தம்பி, நானே ஏறிக்கிறேன்" என்பார்.
மதகுப் பலகையை ஒரு விரல் தூக்கினால்
கீழே பீறிடுமே,
அந்த மெலிசு, அந்த வேகம்.

புருஷன் பெஞ்சாதி என்றுதான் ஊரே நினைக்கிறது.
அவர் வருவது டிவிஎஸ் ஐம்பதில்.
இவர் கடைசி பஸ்ஸில், மடியில் பிளாஸ்க்கோடு.

எசப்பாட்டில் ஜெயிப்பது எப்போதும் மூன்றாம் குமிழ்.
நான்கு தலைகுனியும், விசில் பறக்கும்,
நான் மூன்றை இன்னும் ஒரு கோடு ஏற்றுவேன்.
அது என் வேலை. சம்பளத்தில் சேர்த்தி.

போன பங்குனி,
பாமணி ஆற்றுக்கு அக்கரையில் ஒரு செடில் திருவிழா.
நன்கொடையாளர் பட்டியல் ஓடிக்கொண்டிருந்தது:
ஐநூற்றொன்று, ஆயிரத்தொன்று,
சிங்கப்பூர் சிதம்பரநாதன் ஐயாயிரத்தொன்று.
கார்ட்லெஸ் மைக்கை அணைக்காமல்
ரெண்டு பேரும் தட்டிக்குப் பின்னால் போய்விட்டார்கள்.
வெளியே இறக்கிவிட்டேன்.
ஹெட்போனில் இறக்கவில்லை.

"மீசைக்கு எண்ணெய் தடவுன மாமா,
வயலுக்குத் தண்ணி காட்டினீரான்னு நான் கேப்பேன்.
நீங்க உடனே,
எங்கூரு மதகு சிந்துனதுல
மொளச்சவதானடி நீன்னு வெட்டுங்க.
'மொளச்சவ'ல ஒரு இழு இழுங்க.
நான் குனிஞ்சிக்கிறேன்."

எழுதியது அவர்.
இருபக்கமும் அவர்.
தண்ணி கடைசியாய் வந்து சேரும் தன் ஊரை
அவரே எடுத்து அவர் கையில் கல்லாகக் கொடுக்கிறார்.

பிளாஸ்க் மூடி திருகும் சத்தம்.
அப்புறம் பக்கிரிசாமி,
மேடையில் நான் கேட்டே இராத ஒரு சின்னக் குரலில்:
"ஒரு தடவ நீதான் ஜெயியேன் செங்கமலம்."

"ஜெயிச்சா அடுத்த வருஷம்
யாரு கூப்புடுவா? டீ ஆறுது, குடிங்க."

பட்டியல் முடிந்தது. ஏறினார்கள்.
கேட்டார். வெட்டினார்.
மொளச்சவ, இழுத்த இழுப்பில்
பந்தல் தோரணம் ஆடியது.
விசில்.
என் விரல் பழக்கப்படி மூன்றுக்குப் போய்
நின்றது.
பக்கத்துக் குமிழை ஒரு கோடு, ரெண்டு கோடு,
சிவப்பு எரியும்வரை தள்ளினேன்.

குனிந்த தலைக்குள் அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.
உதடு மூடின சிரிப்பு, மூக்கால் வருவது.
பந்தலைத் தாண்டி, பனைமரத்துக் குழாய் வழியே,
உளுந்து காய்ந்த வயல்மேல் அது போயிற்று.
அறுப்பு மெஷின்காரன் ஒருத்தன் திரும்பிப் பார்த்தான்.
விசிலடித்தவர்கள் பாதியில் விட்டுவிட்டு
யார் என்ன சொன்னார்கள் என்று
ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள்.

ஒயரைச் சுருட்டும்போது வந்தார்.
"நாலாம் நம்பரு இன்னைக்கிக் கொஞ்சம் தூக்கல் தம்பி."
"கை தவறிடுச்சிக்கா."
"ம்" என்றார். பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.

ஆணில் பக்கிரிசாமி.
பாட்டுக்காக இல்லை, கேட்ட அந்த ஒரு கேள்விக்காக.
பெண்ணில் யார் என்று சொன்னால்
ஏன் என்றும் சொல்ல வேண்டிவரும்.

"ரெண்டு பேரும் நல்லாத்தான் பாடுறாங்க"
என்று சில்லறையை வைத்துவிட்டு எழுந்தேன்.